பிரசவமாகி 13-ஆம் நாள் வந்த வலிப்பு: ஒரு மூளைச் சிரை அடைப்பு

கத்தரி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு மே மாதப் பிற்பகல். தண்டையார்பேட்டைப் பக்கமிருந்து ஓர் ஆட்டோ வந்து அவசரப் பிரிவு வாசலில் நின்றது. பின் சீட்டில் 24 வயதுப் பெண், அவரைத் தாங்கிப் பிடித்தபடி அவருடைய அம்மா, டிரைவருக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்த கணவர். பெண்ணின் கையில் ஒரு சாவிக்கொத்தை வைத்து விரல்களை இறுக்கி மூடியிருந்தார்கள். வலிப்புக்கு இரும்பு கொடுப்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்தான், அதனால் வலிப்பு நிற்பதில்லை, தானாக நிற்கும் நேரத்தில் சாவி கையில் இருப்பதால் பெயர் சாவிக்குப் போய்விடுகிறது. வழியில் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டதாகவும், அங்கேயே இன்னொரு தடவை வெட்டி இழுத்ததாகவும் கணவர் சொன்னார்.

நான் வடசென்னையில் பொது மருத்துவராக இருக்கிறேன். குடும்பத்தின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியக்கூடிய சிலவற்றை மாற்றித்தான் இதை எழுதுகிறேன்.

சிசேரியன் ஆகி அன்றைக்கு 13-ஆம் நாள். இரண்டாவது குழந்தை. முதுகில் ஊசி போட்டுச் செய்த ஆபரேஷன், ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அதுவரை எந்தத் தொந்தரவும் இல்லை. பிரசவமான பெண்ணுக்கு வலிப்பு என்றால் எந்த டாக்டருக்கும் முதலில் நினைவுக்கு வருவது எக்லாம்ப்சியா, அதாவது பிரசவத்தை ஒட்டி ரத்தக் கொதிப்பு ஏறி வரும் வலிப்பு. எனக்கும் அதுதான் வந்தது. நர்ஸிடம் மக்னீசியம் ஊசியை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு பி.பி. பார்த்தால் 130-க்கு 84. சிறுநீரில் புரதம் இல்லை. சர்க்கரை சரியாக இருந்தது. காய்ச்சல் இல்லை. நாக்கு மட்டும் காய்ந்த இலை மாதிரி இருந்தது, நாடித் துடிப்பு 112, டியூபில் வந்த சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில்.

அப்புறம் அம்மாவிடம் கேட்டேன், வலிப்பு எங்கிருந்து ஆரம்பித்தது என்று. காசிமேட்டில் மீன் விற்கிறவர் அவர். வாயால் சொல்லவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து, தன் இடது காலை நீட்டி, குதிகாலால் டைல்ஸ் தரையை டக், டக், டக் என்று அடித்துக் காட்டினார். "மொத இந்தக் காலு மட்டும்தான் சார். பொண்ணு என்னையே பாத்துனு இருந்துச்சு, பேசக்கூட செஞ்சுது, ‘இன்னாம்மா என் காலு’ன்னு கேட்டுச்சு. அப்பறம்தான் மேல ஏறி, கண்ணு செருகி, மொத்தமா இழுத்துச்சு."

ஸ்கேன் எடுப்பதற்கு முன்னாலேயே பாதி நோயை அந்த அம்மா அந்தக் குதிகாலில் சொல்லி முடித்துவிட்டார். எக்லாம்ப்சியா பெரும்பாலும் உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் இழுக்கும். ஒரு காலில் ஆரம்பித்து மேலே ஏறினால், மூளையில் அந்தக் காலுக்கான இடத்தில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இடது காலை இயக்கும் பகுதி வலது மூளையில், உச்சந்தலைக்குக் கீழே, நடுக்கோட்டை ஒட்டி இருக்கிறது. அந்த நடுக்கோட்டில்தான், நெற்றியிலிருந்து பிடரி வரை, வகிடு எடுத்த மாதிரி ஒரு பெரிய சிரை ஓடுகிறது.

இங்கே கொஞ்சம் நின்று விளக்க வேண்டும். நம் பேச்சில் ரத்தக் குழாய்க்கும் நரம்பு என்றுதான் பெயர், "மூளை நரம்பு வெடிச்சிருச்சு" என்றால் உண்மையில் குழாய் வெடித்தது. அந்தக் குழாயிலும் இரண்டு வகை. இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவருவது தமனி, வேலை முடிந்த ரத்தத்தைத் திருப்பி எடுத்துப் போவது சிரை. நாம் பக்கவாதம் என்று சொல்வது பெரும்பாலும் தமனியில் நடப்பது, அடைத்துக்கொள்ளும் அல்லது வெடிக்கும், நிமிஷக் கணக்கில் கை கால் விழுந்துவிடும். சிரை அடைப்பு அப்படியில்லை. மழைக்காலத்தில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையைப் பார்த்திருப்பீர்கள், தண்ணீர் போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே இருக்கும், முதலில் டயர் நனையும், அப்புறம் சைலன்சர், கடைசியில் பஸ்ஸே பாதி முழுகி நிற்கும். மூளைக்குள் நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 750 மில்லி ரத்தம் வருகிறது, அவ்வளவும் வெளியே போயாக வேண்டும், மண்டை ஓடோ விரியாத பெட்டி. போகும் வழி அடைத்தால் பின்னால் இருக்கிற சின்னச் சிரைகள் புடைக்கும், மூளை ஊறும், ஓர் அளவுக்கு மேல் போனால் சின்னக் குழாய்கள் தாங்காமல் ரத்தம் கசியும். மூளையைச் சுற்றியிருக்கும் நீர் வடிவதும் பெரும்பாலும் அந்த வகிட்டுச் சிரை வழியாகத்தான், ஆக அதுவும் தேங்கும். இதற்கெல்லாம் நாள் கணக்கில் நேரம் பிடிக்கும். அதுவரை வெளியே தெரிவது தலைவலி ஒன்றுதான்.

இந்தப் பெண்ணுக்குத் தலைவலி வந்தது ஒன்பதாம் நாள். பத்தாம் நாள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டியிருக்கிறார்கள். முதுகு ஊசியால் வரும் தலைவலி, நன்றாகப் படுங்கள், காபி குடியுங்கள் என்று சொல்லி வலி மாத்திரை கொடுத்தார்களாம். அந்த டாக்டரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கூட்டத்துக்கு நடுவில் நானும் அதையே எழுதியிருக்கலாம். ஆனால் முதுகு ஊசித் தலைவலி பொதுவாக முதல் சில நாளிலேயே வரும், உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். இங்கே எல்லாம் தலைகீழ். படுத்தால் மண்டை பிளக்கிறது என்று மூன்று ராத்திரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே குழந்தைக்குப் பால் கொடுத்திருக்கிறாள் அந்தப் பெண். இருமினால் வலி, குனிந்தால் வலி. 12-ஆம் நாள் வாந்தி, கண் மங்கல். "படுத்தா கொறையுதா, ஜாஸ்தியாவுதா?" என்ற ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. வீட்டிலும் அதற்கு விளக்கம் தயாராக இருந்தது, காதில் பஞ்சு வைக்காமல் வெளியே வந்ததால் காற்று புகுந்துவிட்டதாம். வலிப்பு வந்ததும் பெரியவர்கள் சொன்ன வார்த்தை "சன்னி". பிரசவ சன்னி என்று நம் பாட்டிகள் சொன்னதில் கர்ப்பப்பைத் தொற்று, எக்லாம்ப்சியா, இந்தச் சிரை அடைப்பு மூன்றுமே கலந்திருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

சோதித்துப் பார்த்ததில் பெண் அரை மயக்கம், கூப்பிட்டால் கண் திறக்கிறாள், பேச்சு குழறுகிறது. இடது காலை படுக்கையிலிருந்து தூக்க முடியவில்லை, கை ஓரளவு பரவாயில்லை. கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் பார்வை நரம்பின் முனை வீங்கியிருந்தது, உள்ளே அழுத்தம் ஏறியிருப்பதற்கு அடையாளம். ஹீமோகுளோபின் 8.6, அதாவது ரத்தசோகை, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் 4.6 லட்சம், கொஞ்சம் அதிகம்.

சாதா சி.டி. ஸ்கேன் எடுத்தோம். வலது பக்கம், உச்சிக்குக் கீழே வெள்ளையாக ஒரு கசிவு. இங்கே நான் சறுக்கினேன் என்று ஒப்புக்கொள்கிறேன். ரத்தக் கசிவைக் கண்டதும் கால் மணி நேரம் எனக்கு வேறொன்றும் ஓடவில்லை, மூளை அறுவை சிகிச்சைக்காரர்களுக்கு போன் போடுவதிலேயே குறியாக இருந்தேன். ஸ்கேன் பிரிவில் இருந்த பட்ட மேற்படிப்பு மாணவிதான் திரையில் விரலை வைத்து, "சார், இந்த ஷேப் பாருங்க, எந்த ஆர்ட்டரி ஏரியாவுலயும் உட்காரல" என்றார், எந்தத் தமனியின் எல்லைக்குள்ளும் அது அடங்கவில்லை என்று. கொதிப்பால் வெடிக்கும் ரத்தம் பெரும்பாலும் மூளையின் ஆழத்தில், உருண்டையாக இருக்கும். இது மேலோட்டமாக, கிழிந்த துணி மாதிரி ஓரங்களோடு, சுற்றிலும் வீக்கத்தோடு. நடுக்கோட்டுச் சிரை இருக்க வேண்டிய இடம் வழக்கத்தைவிட வெளுத்துத் தெரிந்தது. அது உறைந்த ரத்தம். எம்.ஆர்.ஐ.யில் சிரைகளுக்கான படம் எடுத்தபோது வகிட்டுச் சிரையின் பின் முக்கால் பாகமும், அது வந்து சேரும் வலது பக்கக் குறுக்குச் சிரையும் படத்திலேயே இல்லை. ஓடுகிற ரத்தம்தான் அந்தப் படத்தில் பதியும்.

நோயின் பெயர் மூளைச் சிரை ரத்த உறைவு, ஆஸ்பத்திரிக்குள் சி.வி.டி. என்போம்.

ஏன் வந்தது? ஒரே காரணம் என்று எதையும் கைகாட்ட முடியாது. கர்ப்ப காலத்திலிருந்தே உடம்பு ரத்தத்தை எளிதில் உறையும்படி மாற்றி வைக்கிறது, பிரசவத்தில் ரத்தம் அதிகம் போய்விடக் கூடாது என்பதற்கான முன்னேற்பாடு அது. குழந்தை பிறந்த மறுநாளே அது அடங்கிவிடாது, ஆறு வாரம் வரை நீளும். அதன் மேல் சிசேரியன். அதன் மேல் ரத்தசோகை, இரும்புச் சத்துக் குறைந்த உடம்பில் தட்டணுக்கள் ஏறுவதும் உறைவுக்குத் துணை போகும். இந்த வீட்டில் இன்னொன்றும் இருந்தது. அம்மாவிடம் கேட்டேன், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் கொடுத்தீர்கள் என்று.

"ரெண்டு டம்ளர் சார், சுடுதண்ணி. மாத்தர போட."

"மொத்தமே ரெண்டு டம்ளரா?"

"பச்ச உடம்பு சார். தண்ணி குடிச்சா வயிறு வச்சிக்கும், தையல் சீழ் புடிக்கும், புள்ளைக்கு சளி கட்டும். எங்கம்மா எனக்கு ஒரு டம்ளர்தான் குடுத்தாங்க."

ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை, மே மாதம், காற்று படக் கூடாதென்று ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, காதில் பஞ்சு, தலையில் துண்டு. உள்ளே போவது இரண்டு டம்ளர், வெளியே போவது வியர்வையும், பால் வழியாகவே அரை லிட்டருக்கு மேலும். பத்தியச் சாப்பாட்டை நான் ஒருபோதும் கிண்டல் செய்வதில்லை, பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் இந்தப் பெண்ணுக்கு நல்ல புரதம், அந்த அம்மா தினமும் நல்ல பால் சுறாவாகப் பார்த்து எடுத்து வந்து செய்திருக்கிறார், விற்கிற சரக்கில் முதல் தரம் மகளுக்குத்தான். தண்ணீரைக் குறைப்பது மட்டும்தான் தப்பு. சிரை அடைப்பில் நம் நாட்டுப் பிரசவப் பெண்கள் இவ்வளவு பேர் வருவதற்கு இந்தப் பழக்கத்தையும் ஒரு காரணமாக நம் நரம்பியல் டாக்டர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

சிகிச்சைக்கு வருகிறேன். வலிப்புக்கு லெவெடிராசெட்டம் 1 கிராம் நரம்பு வழியாக, பிறகு 500 மில்லிகிராம் வேளைக்கு ஒன்றாக இரண்டு வேளை. தலைப்பக்கம் 30 டிகிரி உயர்த்தி வைத்து, சலைன் ஓடவிட்டோம். எல்லாவற்றையும்விட முக்கியமான மருந்து ஹெப்பாரின், ரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் ஊசி. எனாக்ஸாபாரின் என்ற வகையை எடைக்குத் தகுந்தபடி, கிலோவுக்கு 1 மில்லிகிராம் கணக்கில், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் போட வேண்டும்.

இதைக் குடும்பத்துக்குச் சொல்வதுதான் பெரிய வேலை. கையெழுத்துக்காக ஃபார்மை நீட்டினேன். கணவர் பேனாவை வாங்கினார், அந்த அம்மா அவர் கையைப் பிடித்துவிட்டார்.

"இன்னா சார் இது, மூளைல ரத்தம் கசிஞ்சிருக்குன்னு நீங்களே சொல்றீங்க, ரத்தத்த தண்ணியாக்குற ஊசி போடணும்னும் நீங்களே சொல்றீங்க. எங்கள பாத்தா எப்டி தெரியுது?"

கேள்வி நியாயமானது. டாக்டர்களுக்கே ரொம்ப நாள் இந்தத் தயக்கம் இருந்தது. 1991-ல் ஜெர்மனியில் 20 நோயாளிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது, பாதிப் பேருக்கு ஹெப்பாரின், பாதிப் பேருக்கு வெறும் ஊசி. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ஹெப்பாரின் போட்ட பத்துப் பேரில் எட்டுப் பேர் முழுக்கத் தேறிவிட்டார்கள், மற்ற இருவருக்கும் சின்னக் குறைதான். போடாத பத்துப் பேரில் மூவர் இறந்துபோனார்கள், முழுக்கத் தேறியது ஒருவர். ஏற்கெனவே ரத்தக் கசிவோடு வந்தவர்களும் ஹெப்பாரினில் தேறினார்கள் என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. சின்னச் சோதனைதான், ஆனாலும் அதற்குப் பிறகு வந்த அனுபவம் அதே பக்கம்தான் நிற்கிறது.

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. சுரங்கப்பாதையைத்தான் சொன்னேன். "தண்ணி நிக்குதுன்னு சுரங்கப்பாதை சுவத்துல சிமெண்ட் பூசினா வடியுமாம்மா? சாக்கடை அடைப்ப எடுத்தாத்தான வடியும். இந்தக் கசிவு குழா ஓட்டையானதால வரல, போற வழி அடைச்சதால வந்தது." கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "அடைப்பு போச்சுன்னா ரத்தம் நிக்கும், அப்டித்தான?" என்றார். நூற்றுக்கு நூறு உறுதி கொடுக்க முடியாது, வீக்கம் கூடினால் மண்டை ஓட்டில் ஒரு பகுதியைத் திறந்து அழுத்தத்தைக் குறைக்கும் ஆபரேஷனும் தேவைப்படலாம், அதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன் என்றேன். கையை எடுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் முதல் இரண்டு நாள் பயம்தான். இரண்டாம் நாள் ராத்திரி இடது காலில் மட்டும் ஒரு சின்ன வலிப்பு, வலிப்பு மருந்தின் அளவைக் கூட்டினோம். அவசர ஸ்கேனில் கசிவு பெரிதாகவில்லை. மூன்றாம் நாள் தலைவலி பாதியாகக் குறைந்தது, நான்காம் நாள் காலைச் சுற்றில் போர்வைக்குள் ஏதோ அசைவதைப் பார்த்து நர்ஸ் போர்வையை விலக்கினால் இடது முழங்கால் மடங்கி நிற்கிறது. "நானேதான் சார் மடக்கினேன்" என்றாள். இந்த நோயின் நல்ல பக்கம் அது, தமனி அடைப்பில் மூளைத் திசு மிக வேகமாகச் செத்துவிடும், சிரை அடைப்பில் ஊறிப் போன பகுதியில் நிறைய இடம் உயிரோடு காத்துக்கிடக்கும். 2004-ல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு ஒன்றில் 624 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள், முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் நன்றாகத் தேறியிருந்தார்கள். அதே ஆய்வில் இறந்தவர்களும் உண்டு, ஆகவே தானாகச் சரியாகிவிடும் என்று யாரும் விட்டுவிடக் கூடாத நோய்.

ஐந்தாம் நாள், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபாரின் மாத்திரையை ஆரம்பித்தோம். அது வேலை செய்யத் தொடங்க நாளாகும் என்பதால், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை 2-க்கும் 3-க்கும் இடையில் வந்து நிற்கும் வரை ஊசியும் சேர்ந்தே ஓடும். தாய்ப்பால் கொடுக்கலாமா என்று நாளைக்கு மூன்று முறையாவது கேட்டார்கள். கொடுக்கலாம். வார்ஃபாரினும் எனாக்ஸாபாரினும் பாலில் குழந்தையைப் பாதிக்கும் அளவுக்கு வராது. வலிப்பு மாத்திரைக்கு மட்டும் குழந்தை அளவுக்கு மீறித் தூங்குகிறதா, பால் குடிக்கச் சோம்புகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். ஐ.என்.ஆர். தேவைப்படாத புது மாத்திரைகள் இருக்கின்றன, ஆனால் பால் கொடுக்கும் தாய்க்கு நான் எழுதுவதில்லை. கீரையை ஒதுக்க வேண்டாம், வாரத்துக்கு எவ்வளவு வழக்கமோ அதே அளவில் சாப்பிடட்டும் என்றேன். கீரை அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும் என்பதால், வார்ஃபாரின் என்றதும் கீரையே கூடாது என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள், ரத்தசோகைக்காரப் பெண்ணிடம் போய் அதைச் சொல்வதா?

ரத்தம் உறையும் பரம்பரைக் கோளாறுக்கான டெஸ்ட்களை அப்போதே எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். பல ஆயிரம் செலவு, பிரசவத்தை ஒட்டியும் இந்த மருந்துகள் ஓடும்போதும் ரத்தம் அதிகம் உறையாமல் கட்டுப்படுத்தும் புரதம்-எஸ் போன்றவை எப்படியும் குறைவாகத்தான் காட்டும், அந்தத் தாளை வைத்துக்கொண்டு அப்புறம் வாழ்நாள் முழுக்க ஒரு பயம். இரும்பு மாத்திரை தொடர்ந்தது.

ஒரு விஷயத்தை இடையில் சொல்லிவிடுகிறேன், இது பிரசவப் பெண்களோடு முடியும் நோயல்ல. ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவதற்கும் விரதத்துக்கும் மாதவிலக்கைத் தள்ளிப்போட மெடிக்கல் ஷாப்பில் தானாக மாத்திரை வாங்கிப் போட்ட இரண்டு பெண்களை இதே நோயோடு பார்த்திருக்கிறேன், ஒருவர் பத்து நாளாக மைக்ரேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நாள் முழுக்கக் குடித்துவிட்டு வெயிலில் லோடு இறக்கிய ஒரு வாலிபரையும் பார்த்திருக்கிறேன். புதிதாக வந்து நாளுக்கு நாள் ஏறும் தலைவலி, படுத்தால் கூடுவது, கூடவே வாந்தியோ கண் மங்கலோ வலிப்போ இருந்தால், சாதா சி.டி. நன்றாக இருக்கிறது என்பதோடு விட்டுவிடக் கூடாது. சாதா சி.டி.யில் இந்த நோய் தெரியாமல் போவது சகஜம், சிரைகளுக்கான படம் தனியாகக் கேட்க வேண்டும்.

பதினோராம் நாள் கம்பு இல்லாமல் நடந்து வீட்டுக்குப் போனாள். மூன்றாம் மாதப் படத்தில் வகிட்டுச் சிரை பெரும்பாலும் திறந்திருந்தது, வலது குறுக்குச் சிரை திறக்கவில்லை, இடது பக்கம் அந்த வேலையைச் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது, திறக்காததைத் துரத்திக்கொண்டு போக வேண்டியதில்லை. கண்ணில் வீக்கம் வடிந்துவிட்டது. பார்வைப் பரப்பை அளந்தபோது ஓரத்தில் லேசாக ஒரு குறை மிச்சம் இருந்தது. ரோடு கடக்கும்போது பக்கத்தில் வருகிற வண்டி சட்டென்று தெரியவில்லை என்றாள், கழுத்தைத் திருப்பிப் பார்த்துக் கடக்கச் சொல்லியிருக்கிறேன். பிரசவம் என்ற தற்காலிகக் காரணத்தால் வந்தது என்பதால் வார்ஃபாரினை ஆறு மாதத்தில் நிறுத்தினோம். வலிப்பு மாத்திரையை இப்போது மெதுவாகக் குறைத்து வருகிறோம்.

மிச்சமிருப்பது கருத்தடை. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை, மாலா-டி உட்பட, இனி எக்காலத்திலும் கூடாது. மூன்றாவதாக ஒரு கர்ப்பம் வந்தால் அந்தக் காலம் முழுக்கவும் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரமும் ஹெப்பாரின் ஊசி போட வேண்டியிருக்கும். காப்பர்-டி போடலாம் என்றால் ரத்தசோகைக்காரிக்கு மாதவிலக்கில் போக்கு கூடும். இரண்டு குழந்தை போதும் என்று இருவருமே சொல்லிவிட்டார்கள். சரி, இவளை மறுபடி ஆபரேஷன் டேபிளில் ஏற்றுவதைவிட ஆண்களுக்கான கருத்தடை கால் மணி நேர வேலை, தையல்கூடக் கிடையாது, அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம் என்று கணவரிடம் சொன்னேன். அந்த அம்மா உடனே "நல்லதா போச்சு, பண்ணிக்கினா இன்னா?" என்றார். கணவர் ஐ.என்.ஆர். நோட்டைப் புரட்டிக்கொண்டே, "ரோசன பண்ணி சொல்றேன் சார்" என்றார். அதற்குப் பிறகு இரண்டு தடவை வந்துபோனார்கள், இன்னும் ரோசனையில்தான் இருக்கிறார்.